பின்னால் வருபவரின் முறை

சாலையில் தாராள மனசோடு வழிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியில் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு முட்டுகிறவனை விட்டுவிட்டு, நின்று கைகாட்டி "நீங்க போங்க" என்கிற மனுஷரையா குறை சொல்கிறாய் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். முட்டுகிறவனைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. அவன் வருவது தெரிந்தால் நாமே ஒதுங்கிக்கொள்கிறோம். கைகாட்டுகிறவரை நம்பித்தான் வண்டியை எடுக்கிறோம். என் சித்தப்பா அப்படித்தான் எடுத்தார்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற கோபாலபுரம் தாண்டி, கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டுக்குப் போகிற சாலையைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பொள்ளாச்சி இளநீர் லாரிகள், தேங்காய் மட்டை ஏற்றிய லாரிகள், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் இறக்கின கள்ளைக் காலையிலேயே மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டு ஓடுகிற வண்டிகள், வேலந்தாவளம் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்கள், கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடியிருக்கிற என்னைப் போன்றவர்கள். பாதி வண்டி டி.என்., பாதி வண்டி கே.எல். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம் என்று பழகிய ஊர்கள். இந்தச் சாலையில் வந்து சேருகிற தென்னந்தோப்புப் பாதைகளுக்குக் கணக்கில்லை. எந்த முனையிலும் சிக்னல் விளக்கு கிடையாது. சித்தப்பா அப்படி ஒரு பாதையிலிருந்துதான் தன் டி.வி.எஸ். வண்டியில் வந்தார். வலதுபக்கம் திரும்பி, எதிர்ப்புறம் போகவேண்டும்.

மட்டை லாரி ஒன்று அவருடைய வலப்பக்கமிருந்து வந்தது. ஓட்டுநர் இவரைப் பார்த்தார். வெயிலில் ஒரு வயசானவர் நிற்கிறாரே என்று வேகத்தைக் குறைத்து, முழுசாக நிறுத்தி, கையை வெளியே நீட்டி "போங்க" என்று காட்டினார். சித்தப்பா கும்பிடாத குறையாகத் தலையை ஆட்டிவிட்டு லாரியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே போனார். லாரியின் பின்னால் வந்த கார், முன்னால் போகிறது ஏன் நிற்கிறது என்று தெரியாமல் வலப்பக்கமாக ஒதுங்கி முந்தியது. அவ்வளவு உயரமான லாரிக்கு முன்னால் ஒரு சின்ன வண்டி வருவதைக் கார்காரர் பார்க்க வழியே இல்லை. சித்தப்பாவும் காரைப் பார்க்க முடியாது. இடது தொடை எலும்பும் முழங்காலும் போயின. உயிர் தப்பியது. அவர் இன்றைக்கும் கைத்தடியோடுதான் நடக்கிறார்.

சட்டப்படி பார்த்தால் தவறு கார்காரருடையது. பாதை சேருகிற முனையில், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது முந்தக் கூடாது. வழக்கும் அவர்மேல்தான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. அந்த முனைக்குச் சற்று முன்னால் பஸ் ஸ்டாப் இருக்கிறது. லாரி ஆளை இறக்கிவிடத்தான் நிற்கிறது என்று நினைத்தாராம். பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய சாலையில், நிற்கவேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் ஒரு லாரி நின்றால், பார்க்கிறவர் தன் மனதுக்குத் தோன்றிய ஒரு காரணத்தைத்தான் அதற்குக் கொடுப்பார். பிரேக் பிடித்திருக்கும், பஞ்சராகியிருக்கும், ஆளை இறக்குகிறார். ஒரு மட்டை லாரி மரியாதைக்காக நிற்கிறது என்பது கடைசியாகத்தான் தோன்றும்.

அந்த லாரிக்காரர்

லாரி ஓட்டுநர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வழக்கில் அவர் சாட்சி மட்டும்தான். ஆனைமலைப் பக்கத்துக்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

"நல்லது பண்ணப்போயி இப்படி ஆயிப்போச்சுங்க அம்மிணி" என்றார் என்னிடம். "நான் நிக்காம போயிருந்தா ஐயா அங்கேயே நின்னுட்டு இருந்திருப்பாரு. இல்லீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆமாம் என்றால் அந்த மனுஷர் உடைந்துபோவார். இல்லை என்றால் அது உண்மை இல்லை. வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயாவத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றார். அப்புறம் அவராகவே சொன்னார்: "முந்தியெல்லாம் கிளீனர் இருப்பானுங்க. எறங்கி, பின்னாடி வண்டியப் பாத்து நிறுத்திட்டுத்தான் ஆளக் கடத்திவிடுவான். இப்ப வாடகைக்குக் கட்டுபடியாகறதில்ல. ஒத்தையாத்தான் ஓட்டறோம்."

சித்தப்பா அதுவரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம். கண்ணைத் திறக்காமலே, "தம்பி, உங்க மேல ஒண்ணுமில்ல. நான் உங்க கையப் பாத்தேன், ரோட்டப் பாக்கல" என்றார். ஓட்டுநர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் லோடு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நல்ல மனுஷர். அதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதனால்தான் இந்த விஷயம் எனக்கு அடங்கவில்லை. கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

சித்தப்பா சொன்ன அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கைகாட்டுகிறவர் கையில் என்ன இருக்கிறது? லாரிக்கு அந்த இடத்தில் முன்னே போகிற முறை இருந்தது. அதை அவர் விட்டுத்தரலாம், அது அவருடையது. பின்னால் வந்த காருக்கும் ஒரு முறை இருந்தது, எதிர்ப்பக்கமிருந்து வருகிற பஸ்ஸுக்கும் இருந்தது. அவற்றை அவர் எடுத்துக் கொடுக்க முடியாது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவர் பெரிய மனசோடு ஒருவரைத் தனக்கு முன்னால் விட்டால், விட்டுக்கொடுத்தது அவர் ஒருவர் மட்டுமா, அவருக்குப் பின்னால் நிற்கிற எல்லோருமா? அங்கே சத்தம்தான் வரும். சாலையில் பின்னால் இருப்பவருக்கு விஷயமே தெரியாது. கை அசைவதைப் பார்க்கிறவர் அதை "வழி சுத்தமாக இருக்கிறது" என்ற உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறார். அந்த உறுதியைத் தரக்கூடிய நிலையில் லாரிக்காரர் இல்லவே இல்லை.

விதி என்ன சொல்கிறது என்பது சிக்கலான சமாச்சாரமும் இல்லை. 1989-இல் வந்த சாலை விதி ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. சந்திப்பு வரும்போது வேகத்தைக் குறை. பிரதான சாலை என்று குறித்த சாலையில் ஏறுகிறாய் என்றால், அதில் போகிற வண்டிகளுக்கு வழிவிடு. அப்படி எதுவும் குறிக்கப்படாத சந்திப்பு என்றால் உன் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிடு. 2017-இல் அதற்குப் பதிலாக வேறு ஒழுங்குமுறைகள் வந்தன, இந்த அடிப்படை மாறவில்லை. கேரளத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று என்பதும் கிடையாது, வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விதி. லைசென்ஸ் எடுத்த எல்லோரும் எழுத்துத் தேர்வில் இதற்குச் சரியாக டிக் அடித்திருப்பார்கள். 'எட்டு' போட்டுக் காட்டச் சொல்கிறார்கள், 'ஹெச்' போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். விளக்கில்லாத ஒரு முனையில் நிறுத்தி, இப்போது யார் முதலில் போகவேண்டும், ஏன், என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

மலையில் மட்டும்

எங்கள் ஆட்களுக்கு விதியே ஒத்துவராது என்று பேசுகிறவர்கள் நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்வரவேண்டும். போத்துண்டி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சாலை ஒடுங்கிவிடும். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் வளைவில் ஏறிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து ஜீப்போ காரோ வந்தால், இறங்குகிற வண்டிதான் நிற்கும். ஓரத்தில் இடம் பார்த்து ஒதுங்கும், தேவைப்பட்டால் கொஞ்சம் பின்னால்கூடப் போகும். கெஞ்சல் இல்லை, கைகாட்டல் இல்லை, ஹாரன் வளைவுக்காக மட்டும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை என்பதும் அதே ஒழுங்குமுறையில் இருக்கிற விதிதான். அதை எழுத்தில் படிக்காத ஜீப் ஓட்டுநர்கூட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்.

ஏன் அங்கே மட்டும் நடக்கிறது? காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆட்களை நிறைத்துக்கொண்டு ஏறுகிற பஸ்ஸை நடு ஏற்றத்தில் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பது எவ்வளவு பாடு என்று எல்லோருக்கும் தெரியும், பின்னால் உருண்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். வலப்பக்கத்து வண்டிக்கு ஏன் வழி என்பதற்கும் இதே போலக் காரணம் உண்டு, யாரும் சொல்லித்தருவதில்லை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஒரு சந்திப்புக்குள் நுழைந்தால் நம் பாதையை முதலில் வெட்டுவது வலமிருந்து வருகிற வண்டிதான். ரவுண்டானாவில் இது இன்னும் தெளிவு. வட்டத்துக்குள் சுற்றுகிற வண்டி நுழைகிறவருக்கு வலப்பக்கம்தான் இருக்கும். அதற்கு வழிவிட்டால் வட்டம் காலியாகிக்கொண்டே இருக்கும். நுழைகிறவருக்கு வழி என்று வைத்தால், உள்ளே இருப்பவர் வெளியேற முடியாமல் நின்று, வட்டம் முழுக்க அடைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் ரவுண்டானாக்கள் அப்படித்தான் பூட்டிக்கொண்டு கிடந்தன. 1966 நவம்பரில் வலப்பக்கத்துக்கு வழி என்பதை விதியாக்கிய பிறகுதான் தீர்ந்தது. பல தலைமுறையாக ஓடுகிற சாலைகளிலேயே யார் முதலில் என்று சொல்லிவைக்காவிட்டால் அந்தக் கதிதான்.

சமவெளியில் நாம் அந்த இடத்தில் வேறொரு மொழியை வைத்துக்கொண்டிருக்கிறோம், அதில்தான் என் பயமே. முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் வலப்பக்கம் திரும்பப்போகிறது என்று அர்த்தமா, எதிரே வண்டி வருகிறது முந்தாதே என்று அர்த்தமா? இடது இண்டிகேட்டர் என்றால் ஓரம் கட்டுகிறதா, தாராளமாக முந்திக்கொள் என்கிறதா? நான்கு விளக்கும் சேர்ந்து மின்னினால் வண்டி நின்றுபோய்விட்டதா, சந்திப்பில் நேராகப் போகிறதா? ஹெட்லைட்டை ஒருமுறை அடித்தால் "நான் வர்றேன், நில்லு" என்பது பெரும்பாலான பேருக்கு, "நீ போ" என்பது சிலருக்கு. ஒவ்வொன்றையும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். வாங்குகிறவர் அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எல்லைச் சாலையில் வெளியூர் வண்டியும் உள்ளூர் வண்டியும் கலந்து ஓடும்போது இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது.

விளக்கை எடுத்துவிட்ட நகரம்

வேலைக்கு நான் வேலந்தாவளம் வழியாகப் போய் க.க.சாவடியில் நெடுஞ்சாலை ஏறி, மதுக்கரை தாண்டிக் கோவைக்குள் நுழைகிறேன். கோவையில் கடந்த சில ஆண்டுகளில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்னும் ரவுண்டானாவும் வைத்துவிட்டார்கள். லாலி ரோடு, சுங்கம் எல்லாம் இப்போது நிற்காமல் ஓடுகிற இடங்கள். காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறது, அது நிஜம். வண்டியில் போகும்போது எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் சிக்னல் நமக்காக ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. யாருடைய முறை என்பதைப் பேச்சுக்கே இடமில்லாமல் சொல்லிவிடும். பச்சை யாருக்கும் யாரும் தருகிற தானம் கிடையாது, சிவப்பில் நிற்பதும் பெருந்தன்மை கிடையாது. நடுவில் வருகிற மஞ்சள்கூட, பாதுகாப்பாக நிற்க முடிந்தால் கோட்டுக்குப் பின்னால் நில், முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால் மட்டும் கடந்துபோ என்று தெளிவாகத்தான் சொல்கிறது. நாம்தான் அதைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். கவுண்ட்டவுன் இருக்கும் இடத்தில் மூன்று வந்ததுமே பாதி வண்டி கோட்டைத் தாண்டிவிடுகிறது.

சிக்னலை எடுத்தால் அந்த வேலை ஓட்டுகிறவர் தலையில் வந்து விழுகிறது. யூ-டர்ன் அடிக்கிறவர் எதிர்ச்சாரியில் நேராக வருகிறவருக்கு வழிவிட்டுக் காத்திருக்கவேண்டும். நடப்பது என்ன? மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுகிறார்கள். யாராவது ஒரு நல்லவர் நின்று கைகாட்டுகிறார். அவருக்குப் பக்கத்துச் சாரியில் வருகிறவர் நிற்பதில்லை. எங்கள் முனையில் நடந்த அதே கணக்கு, நகரத்தில் மூன்று சாரியில். நடந்து கடக்கிறவர் பாடு இன்னும் மோசம். முன்பு சிவப்பு விழும்போது கிடைத்த இடைவெளி இப்போது இல்லை. சிக்னல் இல்லாத இடத்திலும் வரிக்கோட்டில் கால் வைத்தவருக்கே முதல் உரிமை என்று விதி சொல்கிறது. ஒரு சாரிக்காரர் நின்று, பாட்டி ஒருவர் அவரை நம்பி இறங்கி, அடுத்த சாரியில் பஸ் வருவதைப் பார்த்து நடுவில் உறைந்து நிற்பதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைகிறது.

கேரளப் பக்கம் 2023-இல் கேமராக்கள் வந்தன. மொத்தம் 726. அதில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், கைப்பேசி போன்றவற்றைப் பிடிக்க. சிவப்பைத் தாண்டுகிறவரைப் பிடிக்க 18. நான் இவற்றுக்கு எதிரி இல்லை. எங்கள் ஊரில் ஹெல்மெட் தலையில் ஏறியதே அந்தக் கேமரா வந்த பிறகுதான். ஆனால் விளக்கில்லாத முனையில் யார் யாருக்கு வழிவிட்டிருக்கவேண்டும் என்பதை எந்தக் கேமராவும் பார்க்கப்போவதில்லை. 2022-இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. இவ்வளவும் முரடர்களால் மட்டும் நடந்தவை என்று என்னால் நம்பமுடியவில்லை.

கை தூக்கி நிற்கிறார்

சித்தப்பா மறுபடி வண்டி எடுத்துவிட்டார். வேண்டாம் என்று சித்தி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, தோப்புக்குப் போகாமல் அவரால் இருக்கமுடியாது. இப்போது அந்த முனையில் யார் நின்று கைகாட்டினாலும் அவர் எடுப்பதில்லை. உள்ளங்கையை உயர்த்தி, நீங்க போங்க என்று திருப்பிக் காட்டுகிறார். நிற்கிறவர்களுக்குக் கோபம் வருகிறது. ஹாரன் அடிக்கிறார்கள், ஒருவர் கண்ணாடியை இறக்கி "மரியாதைக்கு நின்னா மதிக்க மாட்டேங்கறீங்களே பெரியவரே" என்று கேட்டுவிட்டுப் போனார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் காலியான பிறகு, தன் கண்ணால் பார்த்த பிறகு, போகிறார். சில நேரம் ரொம்பவே காத்திருக்கவேண்டி வருகிறது. நானும் அப்படித்தான் செய்கிறேன். மெயின் ரோட்டில் நான் போகும்போது தேவையில்லாமல் நிற்பதும் இல்லை. ஒரே சீராகப் போய், பக்கப்பாதையில் நிற்கிறவருக்கு நான் எப்போது கடந்துமுடிப்பேன் என்று தெரியும்படி ஓட்டுகிறேன். என் பின்னால் யாருமில்லை என்றால் நான் போனதும் அவருக்கு வழி தானாகக் கிடைத்துவிடும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி வருகிறது என்றால் அது வேறு. அதற்கு எல்லோரும் ஒதுங்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்; ஒதுங்காவிட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

விபத்துக்குப் பிறகு ஊரில் சிக்னல் கேட்டார்கள். வந்தது சோலாரில் மின்னுகிற மஞ்சள் விளக்கு. மின்னுகிற மஞ்சள் "பார்த்துப் போ" என்று மட்டும்தான் சொல்லும், யார் முதலில் என்று சொல்லாது. நாள் முழுக்க மின்னுவதால் இப்போது யாரும் அதைப் பார்ப்பதுகூட இல்லை. அந்த முனைக்கு முழு சிக்னல் தேவையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தப் போக்குவரத்துக்கு அது சும்மா நிறுத்திவைக்கும், ஆளில்லாத நேரத்தில் எல்லோரும் தாண்டுவார்கள், தாண்டிப் பழகினால் அது இன்னும் ஆபத்து. தேவை தோப்புப் பாதையின் முனையில் ஒரு நிறுத்தக் கோடும் எட்டுமூலைச் சிவப்புப் பலகையும். அந்த எட்டுமூலை வடிவம் வேறு எந்தப் பலகைக்கும் கிடையாது, அழுக்குப் படிந்தாலும் பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் என்ன பலகை என்று தெரியும். மெயின் ரோட்டுக்காரருக்கும் அது தெரிவது நல்லது, பக்கத்திலிருந்து வருகிறவர் நிற்பார் என்று அவர் நம்பலாம். அப்புறம் முனையை மறைத்துக்கொண்டு நிற்கிற ஃபிளக்ஸ் போர்டை எடுக்கவேண்டும்.

இவை இரண்டையும் எழுதி மனுக் கொடுத்திருக்கிறோம். சித்தப்பா முதல் கையெழுத்து, லாரிக்காரரும் போட்டார். மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஃபிளக்ஸ் போர்டு மட்டும் போயிருக்கிறது. கோட்டுக்கும் பலகைக்கும் மறுபடி போய்க் கேட்கும்போது, அந்த பஸ் ஸ்டாப்பை முனையிலிருந்து தள்ளி, சந்திப்பைத் தாண்டின பிறகு வைக்கவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதப்போகிறேன்.